ஆசாரியின் பாதி முகம்

அன்று அங்கே இருந்தவர்கள் எட்டுப் பேர். நடுவில் நாற்காலியில் உங்கள் மகன் பிரபா. தாய்மாமன் மடியில் நம் பேத்தி, அழத் தொடங்குவதற்கு ஒரு நொடி முன். வலப்பக்கம் உங்கள் மகள் மாலினி, அவள் தோளுக்குப் பின்னால் என் மகன் தினேஷ். இடப்பக்கம் காது குத்த வந்த ஆசாரி, குனிந்தபடி. அவருக்கு அடுத்து என் வீட்டுக்காரர். கடைசியில் நான், கையில் பூத்தட்டோடு. எட்டாவது ஆள் நீங்கள், சம்பந்தி. எதிரே நின்று போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்கள்.

படத்தில் இருப்பவர்கள் நாலரைப் பேர். என் வீட்டுக்காரர் இல்லை, நான் இல்லை. ஆசாரிக்கு ஒரு கண்ணும் பாதி மூக்கும் ஊசி பிடித்த கையும் மட்டும் இருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை மாலினி இந்தப் படத்தை என் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். கடையில் கொடுத்துப் பெரிதாக எடுத்து வந்திருந்தாள். புதுத் தாளின் மருந்து வாடை இன்னும் போகவில்லை. வருகிற மாதம் உங்களுக்கு முதல் ஆண்டு நினைவு. நீங்கள் எடுத்த படங்களைச் சின்னப் புத்தகமாகப் போட்டு, வருகிறவர்களுக்குக் கொடுக்கப் போகிறாளாம்.

"அத்தை, இதுல நீங்களும் மாமாவும் எங்க? அம்மா உங்கள கட் பண்ணிட்டாங்களா?" என்று சிரித்தாள். "அப்ப உங்களுக்குள்ள ஏதோ சண்டதான், இல்ல?"

நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தேன்.

"அத்தை, அந்த நோட்ட கொஞ்சம் கொடுங்க லா. அம்மா படத்துக்கெல்லாம் கமெண்ட் எழுதி வெப்பீங்களே, அது. ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் நீங்க சொன்னத அப்படியே போடலாம். அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்."

"தேடிப் பாக்குறேன்மா" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் எதையும் தேடுகிறவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் எந்தப் பொருள் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நோட்டு சாமி அலமாரியின் கீழ்த்தட்டில், கற்பூர டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. ஒரு வருடமாக அங்கேதான் இருக்கிறது. விளக்கேற்ற தினமும் அதன் முன்னால்தான் நிற்கிறேன்.

கடைசியாக நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

கல்யாண ஆல்பத்தைப் பார்க்க எங்களைக் கிள்ளானுக்கு, உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். போட்டோக்காரரை ஏற்பாடு செய்தது பெண் வீட்டார். எல்லாரும் பக்கத்துக்குப் பக்கம் "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "தாலி கட்டுற படத்துல தாலியவே காணோம். மாப்பிள்ளை தலைமேல ஃபேன் முளைச்சிருக்கு" என்றேன். என் வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நீங்கள் ஒருவர்தான் சிரித்தீர்கள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

அதை நீங்கள் மறக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் காலமாகி ஒரு வருடம் ஆனபோது, அம்மா சும்மா உட்கார்ந்தே இருக்கிறாரே என்று பிரபா நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்தான். படம் எடுக்கிறவர்கள் சேர்ந்த வாட்சாப் குழு ஒன்றில் உங்களைச் சேர்த்தும் விட்டான். நீங்கள் எதைப் போட்டாலும் "சூப்பர் ஆன்டி" என்று பத்துக் கட்டைவிரல் வருமாம். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"சம்பந்தி, நேத்து வேணும்னே என் கால் விரல எடுத்துப் போட்டேன். அதுக்கும் சூப்பர்ங்கறாங்க. நீங்கதான் நேரா சொல்ற ஆளு. நான் வாரம் ஒண்ணு அனுப்பறேன். நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

முதல் படம் உங்கள் வாசல் காகிதப்பூச் செடி. நான் ஏழு குறை எழுதி அனுப்பினேன். வெயில், நிழல், பின்னால் குப்பைத்தொட்டி, சாய்ந்த வேலி, இன்னும் மூன்று. பத்து நாள் உங்களிடமிருந்து பேச்சே இல்லை.

"சம்பந்திகிட்ட போய் யாராச்சும் குறை சொல்லுவாங்களா?" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நீ பூவுல குறைன்னு சொல்லுவே. அவங்க பொண்ணுல குறைன்னு எடுத்துக்குவாங்க."

பதினோராம் நாள் உங்கள் குரல் வந்தது. "ஏழு சொன்னா நான் எதத் திருத்துவேன் சம்பந்தி? கையும் ஓடல, காலும் ஓடல. ஒண்ணு சொல்லுங்க. நாளைக்கே திருத்திக் காட்டறேன். அப்புறம், ஒரு நல்லதும் சொல்லுங்க. பொய்யா சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

அன்றுதான் அந்த நோட்டைத் தொடங்கினேன். பக்கத்துக்கு ஒரு படம். மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழே மூன்று கோடு: நல்லது ஒன்று, குறை ஒன்று, அடுத்த முறை செய்ய வேண்டியது ஒன்று. நல்லது உண்மையாக இருக்க வேண்டும். குறை மறுநாளே திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஜெஞ்சாரோம் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. படத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தட்டில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிற மாதிரிதான் பார்த்தேன். நடுவில் இருப்பது எப்படியும் கண்ணில் படும், ஓரத்தில் ஒதுங்கியதுதான் தப்பிக்கும். அதனால் இடப்பக்க மேல் மூலையில் தொடங்கி நான்கு ஓரமும் சுற்றி வந்த பிறகுதான் நடுவுக்கு வருவேன். இதைச் சொன்னபோது, "பல்லுல கல்லு கடிபடாம இருக்கறதுக்கு நான் படம் எடுக்கணுமா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள்.

நீங்கள் வேகமாகத் தேறினீர்கள். கிள்ளானில் பூக்கட்டுகிற அக்காவை முதலில் தூரத்திலிருந்து எடுத்தீர்கள். பாதிப் படத்துக்கு லோரி நின்றது. நான் எழுதியது: நல்லது, பூவின் வெள்ளை வெள்ளையாகவே வந்திருக்கிறது. குறை, லோரி. அடுத்த முறை, ஐந்து அடி முன்னால் போகவும். அடுத்த வெள்ளிக்கிழமை லோரி இல்லை. ஆனால் அக்கா உங்களைப் பார்த்து விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "முகம் வேண்டாம். கை போதும்" என்று எழுதினேன். மூன்றாவது வெள்ளி, கையும் நூலை இழுத்துப் பிடித்த கால் கட்டைவிரலும் மட்டும். ஈரம் சொட்டுகிற மல்லிகை.

அதற்கு நான் குறைக் கோட்டில் ஒன்றும் எழுதவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டேன். நீங்கள் என்னைக் கூப்பிட்டு, "அந்த அக்கா என்ன கேட்டுச்சு தெரியுமா? 'ஆன்டி, பூ வாங்கறீங்களா, இல்ல என்னையே வாங்கிட்டுப் போறீங்களா'ன்னுச்சு" என்றீர்கள். பிறகு, "குறை காலியா இருக்கு சம்பந்தி. மறந்துட்டீங்களா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். நீங்கள் அழுதீர்கள் என்று நினைக்கிறேன். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வருடம் அப்படி ஓடியது. வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றி முடிக்கும்போது உங்கள் படம் வந்திருக்கும். அதைப் பார்ப்பதும் எனக்குப் பூசையின் ஒரு பகுதி மாதிரி ஆகிவிட்டது.

பிறகு அந்தத் துணிக்கொடி படம் வந்தது. மழை விட்டு வெயில் அடிக்கும்போது எடுத்தது. வலப்பக்கக் கம்பம் இருந்தது, இடப்பக்கக் கம்பத்தைக் காணவில்லை. கயிறு எங்கிருந்தோ வருகிற மாதிரி இருந்தது. "இடப்பக்கம் கவனிக்கவும்" என்று எழுதினேன். அடுத்த வாரம் ரம்புத்தான் பழம் விற்கிறவர், இடப்பக்கக் காதும் தோளும் இல்லாமல். "இடப்பக்கம் கவனிக்கவும்." அதற்கு அடுத்த வாரமும் அதையே எழுத வேண்டியிருந்தது.

அதுவரை ஒரே குறையை நீங்கள் இரண்டாம் முறை செய்ததே இல்லை. எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. போனில் கேட்டேன்.

"இடப்பக்கமா? அங்க ஒண்ணுமே இல்லையே சம்பந்தி" என்றீர்கள்.

"ஒண்ணுமில்லன்னா கயிறு வானத்துலேருந்தா தொங்குது? கண்ணாடிய மாத்துங்க" என்றேன்.

மாற்றினீர்கள். கண்ணாடிக் கடைக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டுக் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை என்றாராம். இருந்தாலும் என் பேச்சுக்காகக் கண்ணாடிக்குப் புதுச் சட்டம் போட்டுக்கொண்டு அதை எனக்குப் படம் எடுத்து அனுப்பினீர்கள். கண்ணாடியின் வலது வட்டம் முழுதாக இருந்தது. இடது வட்டம் பாதி.

துணிக்கொடி தொடங்கி ஆறு வாரமும் என் நோட்டில் இருக்கிறது. ஆறு பக்கத்திலும் குறைக் கோட்டில் ஒரே வாசகம், ஒரே கையெழுத்து.

அந்தச் சமயத்தில்தான் பேத்திக்குக் காது குத்துகிற பேச்சு வந்தது. உங்கள் வீட்டுக்காரர் பல வருடம் தொண்டு செய்த கிள்ளான் கோயிலில் வைக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டீர்கள். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, அதனால் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் வைத்துவிட்டு, நாலு எட்டில் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். "சரி சம்பந்தி, உங்க இஷ்டம்" என்றீர்கள். சம்பந்திகளுக்குள் 'உங்க இஷ்டம்' என்றால் என்ன பொருள் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியும். அந்தச் சொல்லை நான் மனத்தில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

சடங்கு முடிந்து கோயிலிலிருந்து கிளம்பியபோது நீங்கள் ஒரு காலில் மட்டும் செருப்போடு காடி நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் வந்துவிட்டீர்கள். "அம்மா, இன்னொரு செருப்ப சாமிக்கு காணிக்கையா போட்டுட்டீங்களா?" என்று பிரபா கேலி செய்தான். எல்லாரும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் உங்கள் இடது காலைப் பார்க்காமலே சிரித்தீர்கள்.

வீட்டில் இலை போட்டேன். சோறும் குழம்பும் கடையில் சொல்லியிருந்தோம். மாங்காய்ப் பச்சடியும் பூசணிக்காய்க் கூட்டும் நானே விடியற்காலையில் எழுந்து செய்தவை. உப்பு, ஊறுகாய், பச்சடி, கூட்டு எல்லாம் முறைப்படி இலையின் இடப்பக்கம் வைத்தேன். நீங்கள் வலப்பக்கம் இருந்த பொரியலையும் அப்பளத்தையும் சாப்பிட்டீர்கள். சோற்றிலும் வலப்பக்கப் பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தீர்கள்.

"கூட்டு வைக்கலையா இன்னிக்கு?" என்று வேறு கேட்டீர்கள்.

உங்கள் இலையை நான்தான் எடுத்தேன். கத்தியால் கோடு போட்ட மாதிரி ஒரு பக்கம் காலி, ஒரு பக்கம் அப்படியே. என் வீட்டு உப்பைக்கூடத் தொடவில்லை. தொடாததோடு வைக்கவே இல்லை என்று சபையில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று சாயங்காலம் அந்தப் படத்தை அனுப்பினீர்கள். மாப்பிள்ளை வீட்டார் நின்ற பக்கம் முழுவதையும் வெட்டிவிட்ட படம். அடியில், "எல்லாரும் வந்துட்டோம் பாருங்க" என்று எழுதியிருந்தீர்கள்.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "பாத்தீங்களா? உங்க இஷ்டம்னு சொன்னவங்க பண்ற வேலைய."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஏதோ அவசரத்துல எடுத்திருப்பாங்க. ஆசாரியும்தான் பாதி போயிட்டாரு. அந்த ஆளு என்ன பாவம் பண்ணாரு?"

சரியாகத்தான் கேட்டார். வேண்டுமென்று வெட்டுகிறவர் ஆசாரியை எதற்குப் பாதியாக வெட்டப் போகிறார்? ஓரத்திலிருந்து பார்க்கத் தெரிந்தவள் என்று பெருமைப்பட்ட எனக்கு அது உறைக்கவில்லை. நான் படத்தில் இல்லை என்பதைத்தான் பார்த்தேன். வேறொன்றையும் பார்க்கவில்லை.

அந்தப் படத்துக்கு நான் உங்களுக்கு அனுப்பிய பதில்: "நல்லாருக்கு."

நாம் இரண்டு பேரும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்த சொல் அது. வேண்டுமென்றேதான் போட்டேன். உங்களுக்குச் சுட வேண்டும் என்று போட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு படத்துக்கும் அதையே தட்டிவிட்டேன். சில படங்களை முழுதாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் பழக்கம் விடவில்லை, நோட்டில் எழுதினேன். காது குத்து தொடங்கிப் பதினோரு வாரம், பதினோரு பக்கம். பிள்ளையார் சுழி போட்டுவிட்டு அதன் கீழே நல்லாருக்கு, நல்லாருக்கு என்று எழுதியிருக்கிறேன். சாமி பெயரை மேலே வைத்துக்கொண்டு இப்படி எழுத எனக்குக் கை வந்திருக்கிறது.

நீங்கள் ஒரு முறை கேட்டு எழுதினீர்கள். "குறை ஒண்ணும் இல்லையா சம்பந்தி?" நான் கைகூப்புகிற படம் ஒன்றைப் போட்டேன்.

கடைசியாக அனுப்பியது கோப்பிப் படம். உங்கள் வீட்டு மேசை, சன்னல் வெளிச்சம், ஒரு கிளாஸ் கோப்பி. அடியில், "ரெண்டு கிளாஸ் ஊத்தி வெச்சிருக்கேன். எப்ப வரீங்க?" என்று இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு கிளாஸ்தான். எனக்கு ஊற்றவில்லை என்று குத்திக் காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். நல்லாருக்கு என்று தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நான்காம் நாள் கிள்ளான் பாசாரில், உங்களுக்கு இடப்பக்கம் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளில் மோதி விழுந்தீர்கள். பட்டப்பகல். அவ்வளவு பெரிய வண்டி.

மருத்துவமனையில் அந்த டாக்டர் பெண் உங்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள். நீங்கள் அழகாக வட்டம் போட்டீர்கள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா எண்ணையும் வலப்பக்கப் பாதியில் நெருக்கி எழுதினீர்கள். இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. "முடிஞ்சிடுச்சும்மா" என்று கொடுத்தீர்கள்.

டாக்டர் எங்களை வெளியே கூட்டிப்போனாள். மூளையின் வலப்பக்கம் கட்டி இருக்கலாம், அப்படி இருந்தால் இடப்பக்கம் என்ற ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகும், கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாள். "எவ்வளவு நாளா லெஃப்ட் சைட மிஸ் பண்றாங்க? யாராவது கவனிச்சீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றாள் மாலினி. "போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க. வாரா வாரம் படம் எல்லாம் எடுத்தாங்க."

நோட்டு என் பையில் இருந்தது. என்றைக்கு, எந்த ஓரம், எவ்வளவு என்று தேதியோடு இருந்தது. கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். கேட்கத்தான் செய்தாள். நான் பையின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாலினி என்னை எப்படிப் பார்ப்பாள் என்ற பயம்தான், வேறென்ன. அத்தைக்குத் தெரிந்திருந்தது, அத்தை கோபத்தில் இருந்தாள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"முன்னாலயே வந்திருந்தா?" என்று தினேஷ் கேட்டான்.

"அத இப்ப சொல்ல முடியாது" என்றாள் டாக்டர். குணமாக்கியிருக்க முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வரி எனக்குள் இன்றுவரை நகரவே இல்லை.

அறுவை முடிந்து உங்களைப் பார்க்க விட்டபோது நான் கட்டிலின் இடப்பக்கம் போய் நின்றேன். அங்கேதான் நாற்காலி இருந்தது. உங்கள் இடது கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். திருநீறு பூசினேன். நீங்கள் எதிர்ப்பக்கம் நின்ற மாலினியிடம் கேட்டீர்கள்.

"சம்பந்தி வரலையா?"

மாலினி என்னைப் பார்த்தாள். கையை மெதுவாக மெத்தைமேல் வைத்துவிட்டு, கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தேன். உங்கள் முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் வந்தீங்களா? வழியில ஜாமா?"

"ஆமா சம்பந்தி" என்றேன்.

மாலினி தண்ணீர் எடுக்கப் போனபோது என் விரலைப் பிடித்துக்கொண்டீர்கள். "அந்தக் கோப்பி படத்துக்கும் நல்லாருக்குன்னுட்டீங்க. இவ்வளவு நாளா அதையே சொல்றீங்க. என்மேல கோவமா? நான் என்ன தப்பு பண்ணேன் சம்பந்தி? சொல்லுங்க, திருத்திக்கறேன்."

"வீட்டுக்கு வாங்க. உக்காந்து சொல்றேன்" என்றேன்.

நீங்கள் வீட்டுக்கு வரவில்லை.

இப்போது சொல்கிறேன். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. நீங்கள் பார்த்ததை முழுதாக எடுத்தீர்கள். ஒன்றையும் வெட்டவில்லை. தப்புப் பண்ணினவள் நான். குறை சொல்லத் தெரிந்தவள் என்று நம்பி நீங்கள் என்னிடம் கொடுத்தீர்கள். சொல்ல வேண்டிய நேரத்தில் ரோசத்தில் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டேன்.

மாலினி போன பிறகு, போன ஞாயிறு, நோட்டை எடுத்தேன். அந்தப் பதினோரு படத்தையும் போனில் வரிசையாகத் திறந்து, முதல் தடவையாக ஓரத்திலிருந்து பார்த்தேன். பூனைக்கு இடப்பக்கக் காது இல்லை. குத்துவிளக்கில் இரண்டு முகம் இல்லை. அடுத்த படத்தில் வாசற்கதவு பாதி. வாரத்துக்கு வாரம் அந்த ஓரம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. எந்தக் குழந்தை வரிசையாக வைத்துப் பார்த்தாலும் தெரிந்திருக்கும். கடைசியில் கோப்பிப் படம். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்க விளிம்பில் நூல் அகலத்துக்கு ஒரு பளபளப்பு. இரண்டாவது கிளாஸின் விளிம்பு. எனக்கு ஊற்றி வைத்திருந்தீர்கள்.

இப்போதெல்லாம் கோயிலில் யாரோடு உட்கார்ந்தாலும் அவர்களுக்கு இடப்பக்கம்தான் உட்காருகிறேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி என்னைப் பார்க்கிறார்களா என்று காத்திருக்கிறேன். பார்த்த பிறகுதான் சாமி கும்பிட முடிகிறது. பேத்தி சோறு சாப்பிட்டு முடித்ததும் தட்டின் இடப்பக்கத்தைப் பார்க்கிறேன். "ஏன் பாட்டி என் தட்டையே பாக்கறீங்க?" என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன். என் நோட்டு முறைப்படி எனக்கே ஒரு பக்கம் எழுதலாம் என்று நேற்று உட்கார்ந்தேன். குறைக் கோடு நிரம்பிவிட்டது. அடுத்த முறை என்ற கோட்டில் எழுத ஒன்றுமில்லை. நல்லது ஒன்று, அதுவும் உண்மையாக, எழுத வேண்டும். அது கிடைக்காமல் பேனாவை மூடிவிட்டேன்.

மாலினி நேற்று மறுபடியும் கூப்பிட்டாள். "நோட்டு கெடச்சுதா அத்தை?" கிடைத்தது என்றேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறாளாம். அவள் எதிரில் உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது. நோட்டை மட்டும் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் நிற்கவும் முடியாது. அந்த ஆறு பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாம் என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

அதனால் இன்று காலை பூசை முடித்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் படம் எடுத்தேன். துணிக்கொடியிலிருந்து கோப்பி வரை பதினேழு பக்கம். சன்னல் ஓரத்தில் நோட்டை வைத்து, ஒவ்வொரு பக்கமாக. முதல் நாலில் என் கட்டைவிரல் விழுந்துவிட்டது. திரும்ப எடுத்தேன். இந்த மடலையும் பக்கம் பக்கமாக எடுக்கப் போகிறேன். எல்லாவற்றையும் உங்கள் எண்ணுக்கே அனுப்புகிறேன்.

உங்கள் போன் இப்போது பூச்சோங்கில் மாலினி வீட்டில் இருக்கிறது. அதை அவள் அணைக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டுத் தன் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். தெரிந்துதான் அனுப்புகிறேன்.

எல்லாப் பக்கமும் இடப்பக்க ஓரம் வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். நல்லாருக்கு என்று மட்டும் போட வேண்டாம். சனிக்கிழமைக்கு முன்னால், சீக்கிரம் பதில் போடுங்கள்.